பைனாகுலர் 8×42: தேரூர்க் குளக்கரையில் ஒரு வருஷம்

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வைகாசியில்தான் இந்த பைனாகுலரையும் வாங்கினேன். ஒரு வருஷமாக இரண்டு வேலையும் சேர்ந்தே நடந்ததால், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பற்றி எழுத எனக்கு வராது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 33 வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆண் பறவை ஆடும், பெண் பறவை தேர்ந்தெடுக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். தேர்ந்தெடுப்பதை இந்தக் கண்ணாடி வந்த பிறகுதான் பார்த்தேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. நான் மதிப்பிடுவது 8×42 என்ற இந்த அளவை. வேறு கம்பெனியில் வாங்கினாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். 8 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வரும். அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் நம் கண்ணுக்குள் வந்து சேர்கிறது. விடியற்காலை மங்கலில் குளக்கரையில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். கடையில் 10 மடங்கு, 20 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்றுகொண்டு 10 மடங்கில் ஒரு பறவையை நிலையாகப் பிடிக்க என் கையால் முடியவில்லை. நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விலை 9,400 ரூபாய். எடை, வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோது, 650 கிராம் சொச்சம். ஆன்லைனில் முதலில் வந்தது கோளாறானது. இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன; பத்து நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினேன். உங்களுக்கு வந்ததும் செய்யவேண்டிய சோதனை இதுதான்: தூரத்தில் உள்ள ஒரு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ மின்கம்பியையோ பாருங்கள். கோடு இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுப்பது போல இருந்தாலோ அன்றைக்கே திருப்பிவிடுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, வலது கண் பக்கம் ஒரு சிறு வளையம் இருக்கும். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றுபோல இருக்காது. அதைச் சரிக்கட்டத்தான் அந்த வளையம். இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு வலது கண்ணால் பார்த்து அந்த வளையத்தைத் திருக வேண்டும். பலர் இதைத் தொடுவதே இல்லை. படம் மங்கல் என்று குறை சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சரி, தேரூருக்கு வருகிறேன். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற சாலையில் சுசீந்திரத்தை ஒட்டிய குளங்களும் தேரூர்க் குளமும் சேர்ந்த ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்றது. கூழைக்கடாவும் தாழைக்கோழியும் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். நான் போனது கரையோரப் பனைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளுக்காக. ஆனிச் சாரல் விழுந்து, கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்வயல் பச்சையாக நிற்கும்போது அவை வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நெல் இலையின் ஓரத்தில் அலகால் ஒரு கீறல் போட்டு, நுனியைக் கவ்விக்கொண்டு பறந்தால் நீளமான ஒரு நார் கிழிந்து வரும். அதைக் கொண்டுவந்து பின்னுகிற ஆண் குருவிக்குத் தலையும் மார்பும் மஞ்சள், முகம் கறுப்புப் பூசியது போல இருக்கும். பெண், வீட்டுச் சிட்டுக்குருவியின் சாயல்.

ஆண் கூட்டை முழுதாகக் கட்டி முடிப்பதில்லை. கவிழ்த்த தலைக்கவசம் போல, நடுவில் ஊஞ்சல் மாதிரி ஒரு குறுக்குப் பட்டையோடு, அரைக்கூடாக நிறுத்திவிட்டு அடியில் தொங்கியபடி சிறகை அடித்துக் கத்துகிறது. பக்கத்திலிருக்கும் எல்லா ஆண்களும் ஒரே சமயத்தில் கத்துகின்றன. இதற்கு பைனாகுலர் தேவையில்லை. கரையில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் வெறுங்கண்ணில் தெரியும்.

வெறுங்கண்ணில் தெரியாதது அதற்கப்புறம் நடப்பது. பெண் வருகிறது. அந்த ஆட்டத்தை ஏறிட்டும் பாராமல் நேரே அரைக்கூட்டுக்குள் நுழைகிறது. பட்டையில் உட்கார்ந்து, கூரையிலிருந்து ஒரு நாரைக் கவ்வி இழுக்கிறது. விடுகிறது. இன்னொரு நார். வெளியே வந்து கூடு தொங்கும் ஓலையைப் பார்க்கிறது, கீழே தண்ணீரைப் பார்க்கிறது, அடுத்த கூட்டுக்குப் போகிறது. நான் முதல் நாள் கவனித்த பெண் ஒரு மணி நேரத்தில் ஐந்து கூடுகளுக்குள் போய்வந்தது. ஒரு கூட்டுக்கு மட்டும் மூன்று தடவை. அந்த நாரை இழுக்கும் அலகை எட்டு மடங்கில் பார்த்தபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. முப்பத்து மூன்று வருஷமாக ‘தேர்ந்தெடுக்கும்’ என்று ஒரே வார்த்தையில் நான் கடந்துபோனது இத்தனை வேலையா?

பெண் சம்மதித்த பிறகுதான் ஆண் முட்டை அறையையும் நீண்ட குழாய் வாசலையும் கட்டி முடிக்கிறது. யாரும் சம்மதிக்காத அரைக்கூடுகள் அப்படியே காய்ந்து தொங்கும். பெண்கள் பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கின்றன என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்: தண்ணீருக்கு மேலா, உயரமா, முள்மரமா. பாம்பும் மற்றதும் எட்டக்கூடாது. குஞ்சு பிழைக்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டுக் குருவிகளைப் பின்பற்றலாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பெண் குடியேறியதும் அதே ஆண் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி அடுத்த பெண்ணைக் கூப்பிடும். பறவையியலாளர் சாலிம் அலி மகாராஷ்டிரக் கடற்கரையில் கிஹிம் என்ற ஊரில் பொறுமையாகக் கவனித்து 1931இல் எழுதிவைத்தது இது. குருவியிடம் நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் நேரம்.

அந்த ஆவணியில் முதல் பெண்பார்க்கல் நடந்தது. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ், மட்டிப்பழம் எல்லாம் தட்டில். பதினொரு பேர் வந்தார்கள். நாற்பது நிமிஷம் இருந்தார்கள். என் மகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை பவுன் என்று கேட்டார்கள். பையன் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவர்கள் கார் தெருவைத் தாண்டுவதற்குள் மைனி (அண்ணி) வந்து, “சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு சொல்லுகாங்க” என்றாள்.

மகள் என்னைத்தான் பார்த்தாள். “அம்மா, ஒரு செல்போன் வாங்க நான் ரெண்டு வாரம் பார்ப்பேன்” என்றாள்.

1988இல் என்னைப் பார்க்க வந்தபோது நான் காபித் தட்டோடு நின்றது பன்னிரண்டு நிமிஷம். எங்கள் கூடத்துச் சுவர்க்கடிகாரம் எதிரே இருந்ததால் தெரியும். நான் பார்த்தது அவருடைய செருப்பையும், டம்ளரைப் பிடித்திருந்த விரல்களையும் மட்டும். நல்ல மனிதர் வாய்த்தார். அது எனக்கு வாய்த்தது. நான் பார்த்து எடுத்தது இல்லை. என் தங்கைக்கு அப்படி வாய்க்கவில்லை. அதனால் அந்தச் சாயங்காலம் மைனியிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை. பவுன் கேட்பது 1961லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் படிப்புக்குக் குறைவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். படித்த வீடுகளில்தான் இந்தக் கேள்வி வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. குளக்கரையில் செலவு முழுக்க ஆணுடையது. பாடுபட்டு நார் கிழித்துக் கட்டிக் காட்டுவது அவன். நம் கூடத்தில் பலகாரம் பெண் வீட்டுடையது, பவுன் பெண் வீட்டுடையது, பரிசோதனை மட்டும் எதிர்ப்பக்கத்துடையது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே தரிசில் மயில்கள் நிறைய வருகின்றன. அங்கேயும் இந்தக் கண்ணாடியோடு போனேன். தோகையை விரித்து ஆண் நிற்கிறது. தோகை முழுக்க அதிர்கிறது. வினாடிக்கு 25 தடவைக்குப் பக்கத்தில் அதிர்வதாக அளந்திருக்கிறார்கள். எட்டு மடங்கில் தோகையிலுள்ள கண் போன்ற புள்ளிகள் அசையாமல் நிற்க, சுற்றியுள்ள இழைகள் மட்டும் நடுங்குவது தெரிகிறது. பெண்மயிலோ தரையில் எதையோ கொத்திக்கொண்டிருக்கிறது. ‘தோகையில் மயங்குகிறது’ என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. அமெரிக்காவில் பெண்மயில்களின் தலையில் பார்வையைப் பின்தொடரும் சிறு கேமராவைப் பொருத்தி ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆடுகிற ஆணை அவை பார்த்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் பார்த்தது தோகையின் கீழ்ப்பகுதியை, சிறகை, காலை. மீதி நேரம் சுற்றுப்புறத்தைத்தான் பார்த்திருக்கின்றன. பார்க்காதது போல இருந்துகொண்டே பார்க்கிறவளை நம் ஊர்க் கல்யாண வீட்டுக் கூடத்திலும் கண்டிருக்கிறேன்.

இத்தனை பாரமான தோகை எதற்கு என்று டார்வினே குழம்பினார். பெண்ணின் தேர்வால் வளர்ந்தது என்று 1871இல் எழுதினார். பாரம்தான் அதன் பொருளே என்று 1975இல் இஸ்ரேலியர் அமோட்ஸ் ஸஹாவி சொன்னார்: இத்தனையையும் சுமந்துகொண்டு உயிரோடு நிற்கிறேன் பார், என்பதுதான் செய்தி, நலிந்தவனால் இதைப் போலியாகக் காட்ட முடியாது. அந்தக் கருத்தின்மேல் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் மேட்ரிமோனி செயலியில் வந்து குவிந்த படங்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. காருக்கு முன்னால் ஒருவன், துபாய்க் கட்டடத்துக்கு முன்னால் ஒருவன். காரும் கட்டடமும் யாருடையதாகவும் இருக்கலாம். சுமை எங்கே இருக்கிறது?

போலி இயற்கையிலும் உண்டு. அதை மணக்குடியில் பார்த்தேன், இந்தக் கண்ணாடியின் இன்னொரு குணத்தால். இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ளதையும் இது தெளிவாகக் காட்டும். வாங்கும்போது இந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்; சிலவற்றில் ஐந்து மீட்டருக்கு உள்ளே வந்தால் மங்கிவிடும். பழையாறு கடலில் சேரும் பொழியில், நீர் வற்றும் நேரம் அலையாத்திப் பக்கத்துச் சேற்றில் ஒற்றைக் கை பெருத்த சிறு நண்டுகள் வெளியே வரும். நின்றுகொண்டு பார்த்தால் ஓடிவிடும். அசையாமல் குத்தவைத்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து அந்தப் பெரிய கையை மேலே தூக்கித் தூக்கி வீசும். ‘வா, வா’ என்று கூப்பிடுவது போலவே இருக்கும்.

சண்டையில் அந்தக் கை ஒடிந்துபோனால் இன்னொன்று முளைக்கும். முளைப்பது பார்வைக்கு முன்னது போலவே நீளம். ஆனால் கனமும் குறைவு, பிடிக்கும் பலமும் குறைவு. வீசுவதற்கு லேசு. மொசாம்பிக் கரையில் இந்த இன நண்டு ஒன்றை ஆராய்ந்து 2000இல் எழுதியவர்கள், எதிரி ஆண்களும் இதில் ஏமாறுகின்றன என்றார்கள். அப்படியானால் பெண் என்ன செய்யும்? கையை நம்பி நின்றுவிடுவதில்லை. வளைக்குள் தானே இறங்கிப் பார்க்கும். கலிபோர்னியக் கரையில் ஓர் ஆய்வில் ஒரு பெண் நண்டு 106 ஆண்களின் வளைகளைப் பார்த்திருக்கிறது. வளையின் அகலம் சரியாக இருந்தால்தான் முட்டை பொரியும் நாளும் கடல் ஏற்றமும் ஒன்றாகச் சேரும், குஞ்சுகள் கடலுக்குப் போகும். கையசைப்பு அழகாக இருந்து வளை சரியில்லையென்றால் பிள்ளை பிழைக்காது.

மணக்குடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இதை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா, நம்ம ஊர்ல மாப்பிள்ளை வீடு பார்க்க மாமா போவாங்க, சித்தப்பா போவாங்க. வாழப்போறவ மட்டும் கல்யாணத்தன்னைக்குத்தான் அந்த அடுக்களையைப் பார்ப்பா” என்றாள். அறுபது வருஷம் இந்த ஊரில் இருந்து எனக்கு இது உறைத்ததில்லை.

அந்தச் செயலியிலேயே தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவனோடு அவள் பேசத் தொடங்கியிருந்தாள். “உடனே முடிவு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் பழகிப் பார்க்கிறேன்” என்று அவனிடமும் எங்களிடமும் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் ‘டேட்டிங்’ என்று அந்த வார்த்தையையே வசை போலச் சொன்னார்கள். எனக்கும் பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நாகர்கோவிலில் ஒரு ஜூஸ் கடையில் சந்தித்தார்கள், பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனார்கள், தினமும் போனில் பேசினார்கள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று என்னிடம் சொல்லாமல் ஒரு நாளும் போகவில்லை. மூன்றாவது மாதம், “உங்க வீட்டைப் பார்க்கணும்” என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் முதலில் திகைத்திருக்கிறார்கள். பிறகு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். கூடத்தில் உட்காரவைத்தார்கள். அவள் தண்ணீர் கேட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே பையனின் அப்பா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மீன் குழம்புக்கு. அவருடைய மனைவி திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை என்பது அவர் திருவிய வேகத்திலேயே தெரிந்தது.

கண்ணாடிக்குத் திரும்புகிறேன், குறைகள் இருக்கின்றன. கூட வந்த கழுத்துப்பட்டை மெல்லியது. ஒரு மணி நேரத்தில் பிடரியை அறுக்கும். தோளில் மாட்டும் பட்டை 600 ரூபாய்க்குத் தனியாக வாங்கினேன், இப்போது எடையே தெரியவில்லை. முன் கண்ணாடி மூடிகள் லூஸ். ஒன்று தேரூர்க் குளத்துக்குள் போய்விட்டது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை முழுக்கத் திருகி இறக்கிவிட வேண்டும். அப்போதும் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். சூரியன் இறங்கிக் கால் மணி நேரத்துக்குப் பிறகு விவரம் எதுவும் தெரியாது.

நம் மாவட்டத்துக்கென்று இரண்டு எச்சரிக்கை. கடற்காற்றில் உப்பு படியும். முந்தானையால் துடைத்தால் உப்புத்தூளே கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காற்றடிக்கும் சிறு ரப்பர் பம்பால் ஊதி, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும். அதைவிட முக்கியம், கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க இதைக் கொண்டுபோகவே கூடாது. குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்காதீர்கள். ஒரு நொடி சூரியனை நேரே பார்த்தாலும் விழித்திரை போய்விடும்.

மற்றபடி, பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இந்த அளவையே வாங்கச் சொல்வேன். 9,400 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. ஓய்வூதியத்தில் ஒதுக்கி வாங்கினேன். ஒரு ரூபாயும் வீணாகவில்லை. பள்ளிகளில் விலங்கியல் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆய்வகத்துக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஆனி மாதம் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, பனையடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் தேரூருக்கு வந்தான். மகள் கண்ணாடியைக் கொடுத்தாள். வலப்பக்கத்து வளையம் எதற்கு என்று என்னிடம் கேட்டான், சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாகத் திருகினான். ஆண் குருவிகளின் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். “அதை விடுங்க, உள்ளே போறவளைப் பாருங்க” என்றாள் மகள். இருபது நிமிஷத்துக்கு மேல் கையை இறக்காமல் பார்த்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் முழங்கையைத் தொட்டு, “அம்மா, அது என் வேலை” என்றாள்.

பதில் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாசம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. கரையோரப் பனையில் இந்த வருஷம் பதினான்கு அரைக்கூடுகள் தொங்குகின்றன. ஞாயிறு வரைக்கும் இரண்டில்தான் வாசல் குழாய் இறங்கியிருந்தது.